130 பிக்சலுக்குள் விலைப்பட்டியல்

நேற்று இரவு பதினொன்றே காலுக்கு ஏழாவது பட்டனும் ஏறிவிட்டது. பவானியில் ஜமக்காளக் கடை வைத்திருக்கும் மாமாவின் வலைத்தளத்தில் மேல் வரிசை இப்போது முழுக்கத் தமிழ்: முகப்பு, ஜமக்காளம், போர்வை, துண்டு, விலைப்பட்டியல், அறிமுகம், தொடர்புக்கு. எண்ணிப் பார்த்தால் ஏழே சொல். மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் ஒரு சனிக்கிழமை காலை உட்கார்ந்தேன். மூன்று சனி, ஞாயிறு போய்விட்டன.

பட்டனா, பொத்தானா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சட்டைக்குப் பொத்தான், வலைத்தளத்துக்குப் பட்டன். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

முதலில் நிலவரம். தளத்தை யாரோ பல வருடங்களுக்கு முன் ஓர் ஆயத்த டெம்ப்ளேட்டில் செய்து கொடுத்திருக்கிறார்கள். மெனுவில் உள்ள ஒவ்வொரு பட்டனும் ஒரு படம். ஆங்கிலச் சொல் அந்தப் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கிறது. நிர்வாகப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் படத்தை மாற்ற மட்டும் வழி இருக்கிறது. அந்த இடத்தில் எழுத்தாகத் தட்ட வழியே இல்லை. எழுத்தாகப் போட முடிந்திருந்தால் இந்தப் பதிவுக்கு வேலை இருந்திருக்காது. “இங்கிலீசுல இருக்கறத எடுத்துட்டு நம்ம எழுத்துல போட்டுக் குடு மாப்ள, வர்றவங்க எல்லாம் நம்ம ஊர்க்காரங்கதானே” என்றார் மாமா. சரி என்று சொல்லிவிட்டேன்.

கையில் இருந்தது: ஏழு ஜிஃப் படங்கள், ஒவ்வொன்றும் 130 பிக்சல் அகலம், 34 உயரம். ஆரஞ்சு நிறம், மேலிருந்து கீழாகச் சற்றே கருக்கும் சாயல், நான்கு மூலையும் வளைவு, நடுவில் வெள்ளை ஆங்கில எழுத்து. மூலக் கோப்பு யாரிடமும் இல்லை. என் மடிக்கணினியில் படம் திருத்தும் இலவச மென்பொருளான கிம்ப் இருந்தது.

பழைய எழுத்தை அழிப்பதில் முதல் தப்பு. குளோன் டூலை எடுத்து, பக்கத்தில் இருக்கும் ஆரஞ்சை எடுத்து எழுத்தின் மேல் தடவினேன். சாயல் மேலிருந்து கீழே மாறுவதால் ஒரு பிக்சல் உயரம் தவறினாலும் திட்டு தெரியும். தேய்த்தேன், மங்கலாக்கினேன், மறுபடி தேய்த்தேன். இரண்டு மணி நேரத்தில் ஒரு பட்டன் முடிந்தது, அதுவும் அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி.

டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. சாயல் மேலிருந்து கீழேதானே போகிறது? அப்படியென்றால் மூலை வளைவைத் தாண்டிய எந்த நெடுக்குக் கோட்டை எடுத்தாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இடமிருந்து 16-ஆவது பிக்சலில், ஆங்கில எழுத்து தொடங்குவதற்கு முன், ஒரே ஒரு பிக்சல் அகலத்தில் 34 உயரத்துக்குத் தேர்வு செய்தேன். நகலெடுத்துப் புது லேயராக, அதாவது படத்தின் மேல் தனி அடுக்காக, ஒட்டினேன். ஸ்கேல் லேயரில் அகலம், உயரம் இரண்டையும் பிணைக்கும் சங்கிலியைக் கழற்றிவிட்டு அகலத்தை மட்டும் 98 ஆக்கினேன். இன்டர்போலேஷன் ‘நன்’, அதாவது இழுக்கும்போது நிறத்தைக் கலக்காதே என்று. 16-இல் கொண்டுபோய் வைத்தேன். எழுத்து இருந்த இடமே தெரியவில்லை. நாற்பது விநாடி. இரண்டு மணி நேரம் தடவியதை நினைத்து யாரிடமும் சொல்லாமல் சிரித்துக்கொண்டேன்.

வெறும் பட்டன் தயார். இனி எழுத்து.

இங்கே நான் நேராகக் கிம்புக்குப் போயிருக்கலாம். ஆனால் ‘தமிழ் என்றால் ஃபோட்டோஷாப்தான் சரி’ என்று யாரோ எப்போதோ சொன்னது மனதில் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ் அடிக்கும் ஸ்டூடியோ ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்த தம்பி கோப்பைத் திறந்தார். நான் செல்பேசியிலிருந்து ‘தொடர்புக்கு’ என்ற சொல்லை அனுப்பினேன். அவர் ஒட்டினார். திரையில் வந்தது தமிழ் மாதிரிதான் இருந்தது, ஆனால் தமிழ் இல்லை. த முன்னால் போய்விட்டது. கொம்பும் காலும் அதற்குப் பின்னால் வந்து நின்றன. ப தனியாக, அதன் உகரச் சுழி தனியாக. ர-வின் புள்ளி தலைமேல் இல்லாமல் வலது பக்கம் நழுவியிருந்தது.

“யூனிகோட் இதுல உடையுங்ண்ணா. நாங்க பாமினிலதான் அடிப்போம்” என்றார். சொல்லிக்கொண்டே கண்ணை மூடித் திறப்பதற்குள் ஏழு சொல்லையும் அடித்துவிட்டார். விரல் வேகத்தைப் பார்க்கவே காசு கொடுக்கலாம். 150 ரூபாய் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து அவர் கொடுத்த கோப்பைத் திறந்தால் தமிழே இல்லை. அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்தும் கலந்த குப்பை. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பழையபடி ஆங்கிலமாகிவிடும். அச்சுக்குப் போனால் பிரச்சினை இல்லை. அடுத்த மாதம் நான் ஒரு எழுத்தைத் திருத்த வேண்டுமென்றால் மறுபடி ஸ்டூடியோவுக்குத்தான் போக வேண்டும். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் பொது முறைதான் யூனிகோட், தமிழ்நாடு அரசு 2010-இலேயே அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. பத்திரிகை அடிக்கும் கடைகளில் பாமினி இன்னும் ராஜா.

ஃபோட்டோஷாப்பின் மேல் பழி போட்டுவிட்டுப் போக முடியாது என்று பிறகு தெரிந்தது. சில வருடங்களுக்கு முந்தைய பதிப்புகளில், பிரிஃபரன்சஸில் ‘டைப்’ என்ற பகுதியில் எழுத்து எஞ்சினை ‘வேர்ல்ட் ரெடி லேஅவுட்’ என்று மாற்ற வேண்டும். அதற்கும் பழைய பதிப்புகளில் இதற்கே ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்’ என்று பெயர். மாற்றிய பிறகு திறக்கும் புதுக் கோப்பில் தமிழ் ஒழுங்காக வரும். ஏற்கெனவே தட்டி வைத்த எழுத்துக்கு பாராகிராஃப் பேனலின் மெனுவில் போய்த் தனியாக மாற்ற வேண்டும். அந்தத் தம்பியிடம் போன் செய்து சொன்னேன். “அப்படியாங்ண்ணா” என்றார். மாற்றியிருப்பார் என்று தோன்றவில்லை. அவருக்கு அது தேவையும் இல்லை.

கிம்பில் இந்தத் தொல்லையே கிடையாது. எழுத்தைக் கோர்த்து அமைக்கும் வேலையை அது பேங்கோ என்ற நூலகத்திடம் விட்டுவிடுகிறது. யூனிகோட் எழுத்துரு இருந்தால் போதும், கொம்பு தானாக முன்னால் வந்து நிற்கும். ஒரே ஒரு சின்ன எரிச்சல்: படத்தின் மேலேயே தட்டும்போது கர்சர் எந்த எழுத்துக்கு நடுவில் நிற்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. டெக்ஸ்ட் டூல் அமைப்புகளில் ‘யூஸ் எடிட்டர்’ என்று ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டால் தனிச் சன்னல் ஒன்று திறக்கும். அதில் ஒட்டினால் நிம்மதி.

எழுத்துரு தேர்வில் ஒரு மாலை முழுக்கப் போனது. சோதனைக்கு மூன்று சொல் வைத்துக்கொண்டேன். துண்டு, ஏனென்றால் ண்-இல் சுழி அதிகம். ஜமக்காளம், ஏனென்றால் இரண்டு புள்ளியும் ஒரு அகன்ற ஜ-வும் இருக்கின்றன. பிறகு விலைப்பட்டியல், நீளத்துக்காக. பழைய விண்டோஸோடு வந்த லதா சின்ன அளவில் மெலிந்துபோனது. கேட்டமரான் பெரிதாக வைத்தால் எனக்கு மிகவும் பிடித்தது, மாமாவிடம் காட்டினேன். “நல்லாத்தான் இருக்குது, ஆனா நம்ம கடை போர்டு எழுத்து மாதிரி இல்லையே” என்றார். முக்தா மலர், இந்த் மதுரை இரண்டும் கடைசிவரை போட்டியில் இருந்தன. கடைசியில் நோட்டோ சான்ஸ் தமிழ். அழகுக்காக அதை எடுக்கவில்லை. ஒரே எழுத்துருவில் பல தடிமனும், அதோடு சாதாரண அகலம், சற்று ஒடுங்கியது, நன்கு ஒடுங்கியது என்று பல அகலங்களும் கிடைக்கின்றன. அந்த அகலம்தான் பின்னால் உயிர் எடுக்கப்போகிறது என்று அப்போது தெரியாது. லதா தவிர எல்லாமே இலவசம், கூகுள் ஃபான்ட்ஸில் இருப்பவை.

தடிமன் விஷயத்தில் ஒரு பாடம். ஆங்கிலப் பட்டன்களில் போல்டு இருந்ததால் நானும் போல்டு போட்டேன். 15 பிக்சல் அளவில் ண்-இன் சுழிகளுக்குள் இருந்த வெளி அடைபட்டு ஒரு கட்டியாகிவிட்டது. ரெகுலர் போட்டால் சுழி திறந்தது, ஆனால் புள்ளி மறைந்தது. படத்தை 800 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தேன்: ம்-இன் தலையில் இரண்டு பிக்சல் அகலத்துக்கு ஒரு மங்கல், வெள்ளையும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் ‘ஜமககாளம’. நடுவில் இருந்த மீடியம் தடிமன்தான் இரண்டையும் காப்பாற்றியது. எழுத்தின் கோடுகளைப் பிக்சல் கட்டங்களுக்குள் இழுத்து நிறுத்தும் ஹின்டிங்கை ‘ஃபுல்’ என்று வைத்தால் ப-வின் ஒரு கால் தடித்தும் இன்னொரு கால் மெலிந்தும் வந்தது, ‘ஸ்லைட்’ போதும்.

அடுத்தது அகலம். 130 பிக்சல் பட்டனில் இரண்டு பக்கமும் 14 விட்டால் எழுத்துக்கு 102. ‘விலை பட்டியல்’ 15 அளவில் 103 வந்தது. ஒரு பிக்சல்தானே என்று விட்டுவிட்டேன். ஆறாவது பட்டனுக்கு அப்போது வைத்திருந்த ‘எங்களைப் பற்றி’ 120-ஐத் தாண்டியது. அதை ஸ்கேல் டூலால் அகலத்தில் மட்டும் அமுக்கினேன். அமுக்கினால் நெடுக்குக் கோடுகள் மெலியும், படுக்கைக் கோடுகள் அப்படியே இருக்கும். பேருந்துக் கதவில் மாட்டிக்கொண்ட ஆளைப்போல எழுத்து பக்கவாட்டில் நசுங்கியது. அப்புறம்தான் நோட்டோவின் ஒடுங்கிய வடிவத்தை இறக்கினேன். அது அமுக்கியது அல்ல, ஒடுக்கமாகவே வரையப்பட்டது. கோட்டுத் தடிமன் கெடவில்லை. அடங்கியது. அந்த நிமிடம் அது பெரிய வெற்றியாகத் தெரிந்தது.

ஏழையும் ஏற்றுமதி செய்து வரிசையாக வைத்தபோது எழுத்துகள் துள்ளின. போர்வை கீழே, துண்டு மேலே. செய்த தப்பு எளிது: எழுத்து லேயரைச் சுற்றி இருந்த காலி இடம் பிடிக்காமல் அதை ஒட்ட வெட்டிவிட்டு, வெட்டிய பெட்டியைப் பட்டனின் நடுவில் வைத்திருந்தேன். துண்டுவில் து-வின் வால் கீழே இறங்குகிறது, அதனால் பெட்டி உயரமாகி எழுத்தின் உடல் மேலே ஏறிவிட்டது. போர்வையில் அந்த அளவுக்குக் கீழே இறங்குவது எதுவுமே இல்லை. நோட்டில் கோடு போட்டு எழுதச் சொல்லிக் கொடுத்ததே இதற்காகத்தானே. கிம்பில் மேல் அளவுகோலிலிருந்து ஒரு கைடை, அதாவது வழிகாட்டிக் கோட்டை, இழுத்து 22-ஆவது பிக்சலில் நிறுத்தினேன். எல்லாச் சொல்லின் அடியும் அந்தக் கோட்டில். கடைசியில் முடிவான 17 அளவில் எழுத்தின் உடல் சுமார் 10 பிக்சல் உயரம், அதாவது 12 முதல் 22 வரை. பட்டனின் நடு 17. மேல்விலங்கும் புள்ளியும் 7 வரை ஏறும், உகர வால் 28 வரை இறங்கும். மேலும் கீழும் கிட்டத்தட்ட சமமாக மூச்சு விட இடம்.

நிழல் ஒன்று போட்டுப் பார்த்தேன், பழைய ஆங்கிலப் பட்டனில் இருந்ததே என்று. ஒரு பிக்சல் கீழே, கருமை. ஆங்கில எழுத்துக்கு அது புடைப்பாகத் தெரிந்தது. நமக்குப் புள்ளிக்குக் கீழே இன்னொரு புள்ளி விழுந்தது. எடுத்துவிட்டேன்.

எல்லாம் முடிந்தது என்று ஏழு படத்தையும் அத்தைக்கு அனுப்பினேன். அத்தை பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் தமிழ் எடுத்தவர். பதில் உடனே வந்தது. “கண்ணு, விலைப்பட்டியல்ல ப் எங்க?”

திரும்பப் பார்த்தேன். ‘விலை பட்டியல்’. விலை தனி, பட்டியல் தனி, நடுவில் ஒற்று இல்லை. நானே ‘எங்களைப் பற்றி’யில் ப் போட்டிருக்கிறேன், இதில் விட்டிருக்கிறேன். திருத்தலாம் என்று கோப்பைத் திறந்தால் இருந்தது பி.என்.ஜி. மட்டும். லேயர்களைக் காப்பாற்றி வைக்கும் கிம்பின் சொந்தக் கோப்பான எக்ஸ்.சி.எஃப். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு சொல்லைப் போட்டு ஏற்றுமதி செய்து, அன்டூ செய்து, அடுத்த சொல்லைப் போட்டு என்று ஏழையும் எடுத்திருந்தேன். சேமித்திருந்தது கடைசிச் சொல்லை மட்டும். மற்ற ஆறும் படமாகவே உறைந்துவிட்டன. எழுத்தை எழுத்தாகவே வைத்திருக்கும் கோப்பு இல்லையென்றால் ஓர் ஒற்றுக்காக முழுப் பட்டனையும் மறுபடி செய்ய வேண்டும். ஸ்டூடியோ தம்பியின் கோப்பைப் பற்றி நான் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது.

செய்தேன். ப் சேர்த்ததும் 15 அளவிலேயே 110 பிக்சல். பட்டனுக்குள் அடங்கவில்லை. ஒடுங்கிய வடிவத்தில் போட்டால் அடங்கியது, ஆனால் பக்கத்தில் அகலமாக உட்கார்ந்திருக்கும் முகப்பு ஒரு குடும்பம், இது வேறு குடும்பம் என்று பளிச்சென்று தெரிந்தது. எல்லாவற்றையும் ஒடுங்கியதாக மாற்றினால் முகப்புவும் துண்டுவும் பட்டனுக்குள் அநாதையாக நின்றன.

ஏழு பட்டனும் ஏன் ஒரே அகலம் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ள எனக்கு இரண்டு வாரம் ஆகியிருக்கிறது. டெம்ப்ளேட்டில் 130 என்று இருந்தது, அவ்வளவுதான் காரணம். பக்கத்தின் மொத்த அகலம் 960. அதற்குள் வரிசை நின்றால் போதும். எழுத்தை 17 அளவில், சாதாரண அகலத்தில் வைத்து ஒவ்வொரு சொல்லையும் அளந்தேன். இரண்டு பக்கமும் 24 கூட்டினேன். முகப்பு 104, ஜமக்காளம் 146, போர்வை 120, துண்டு 104, விலைப்பட்டியல் 174, தொடர்புக்கு 148. ‘எங்களைப் பற்றி’ 186. ஆறு இடைவெளிக்கு ஐந்தைந்தாக 30. கூட்டினால் 1012. மறுபடி 52 அதிகம்.

அத்தையிடம் புலம்பினேன். கணக்கையெல்லாம் கேட்டுவிட்டு, “அறிமுகம்னு போட்டா ஆகாதா?” என்றார். அறிமுகம் 126. கூட்டினால் 952. எட்டு பிக்சல் மிச்சம். எழுத்துருவை மாற்றி, அளவைக் குறைத்து, அமுக்கி, ஒடுக்கி நான் செய்யாததை ஒரே சொல்லில் செய்துவிட்டார்.

நிறத்துக்கும் இந்தக் கட்டத்தில்தான் முடிவு வந்தது. ஆரஞ்சின் நடுச் சாயல், சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில், 240, 130, 30. அதன் மேல் வெள்ளை எழுத்துக்கு மாறுபாடு கணக்கிட்டால் 2.65-க்கு 1 தான். வலை அணுகல் வழிகாட்டி சாதாரண எழுத்துக்குக் கேட்பது 4.5-க்கு 1. வெயிலில் கடை வாசலில் நின்று போனைப் பார்த்தால் வெள்ளை எழுத்து ஆரஞ்சில் கரைந்துவிடுகிறது. இதற்கு வழிகாட்டி கூடத் தேவையில்லை. எழுத்தை 70, 10, 10 என்ற கருஞ்சிவப்புக்கு மாற்றினேன். 6-க்கு 1. புள்ளிகள் எல்லாம் உயிர் பெற்றன.

ஏற்றி, என் போனில் பார்த்தேன். மங்கல். கணினியில் கூர்மையாக இருந்த எழுத்து போனில் ஈரத்தாளில் எழுதிய மாதிரி. போன் திரையில் ஒரு பிக்சல் இடத்தில் இரண்டு, மூன்று பிக்சல் இருக்கிறது. 104 அகலப் படத்தை அது இழுத்துப் பெரிதாக்குகிறது. பட்டனை இரண்டு மடங்கு அளவில் செய்து, பக்கத்தில் பாதி அளவாகக் காட்டச் சொல்ல வேண்டும். நல்லவேளை, இந்த முறை லேயர்கள் கையில் இருந்தன. அவசரத்தில் ஸ்கேல் இமேஜ் போட்டு 200 சதவீதம் ஆக்கினேன். மறுபடி தப்பு. முழுப் படத்தையும் ஸ்கேல் செய்தால் எழுத்து லேயர் எழுத்தாக இருப்பதை விட்டுப் படமாகிவிடுகிறது. அன்டூ.

பழைய பட்டனின் அடிப்படமும் பெரிதாக்கினால் பிசுபிசுக்கும் என்பதால் அதையே புதிதாக வரைந்தேன். 68 உயரத்தில் வெற்றுப் படம், ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதைக் குறிக்கும் ஆல்ஃபா சேனலோடு. செவ்வகத் தேர்வு, அதற்கு வளைந்த மூலை, மேலிருந்து கீழே கிரேடியன்ட். இருபது நிமிடம். முதல் நாள் குளோன் டூலோடு உருண்டு புரண்ட நேரத்தில் ஆறு முறை வரைந்திருக்கலாம். எழுத்து அளவு 34, கைடு 44-இல். அகலங்கள் 208, 292, 240, 208, 348, 252, 296. பழைய ஜிஃப்பின் மூலையில் இருந்த வெள்ளைப் பிசிறும் இதோடு ஒழிந்தது. ஜிஃப்பில் ஒரு பிக்சல் ஒன்று தெரியும் அல்லது தெரியாது, பாதி தெரிவது கிடையாது. அதனால்தான் வளைவின் ஓரத்தில் வெள்ளைப் பல் தெரிந்தது. பி.என்.ஜி.யில் அந்தச் சிக்கல் இல்லை.

வரைந்துகொண்டிருக்கும்போது மாமா எட்டிப் பார்த்தார். “பட்டன் மேல நம்ம ஜமக்காளக் கோடு போட முடியுமா மாப்ள?” பவானி ஜமக்காளம் என்றால் அகலமான நிறப் பட்டைகள், புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, ஆசைப்படுவதில் தவறில்லை. எழுத்துக்குப் பின்னால் பட்டைகளைப் போட்டேன். சிவப்பு, பச்சை, நீலம். விலைப்பட்டியல் பட்டைக்குள் ஒளிந்துகொண்டது. “இது ஆகாதுங்க மாமா, படிக்கவே முடியலை” என்றேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. அப்புறம் கணக்குப் பார்த்தேன்: இரட்டிப்பு அளவில் உகர வால் 56 வரை இறங்குகிறது, பட்டன் 68-இல் முடிகிறது. 62 முதல் 68 வரை ஆறு பிக்சல் சும்மாதான் கிடக்கிறது. அதில் இரண்டு பிக்சல் வீதம் மூன்று கோடு, பட்டனின் அடியில் கரை மாதிரி. மாமா கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். “சேலைக்குப் பார்டர் வெச்சாப்புல இருக்குது” என்றார். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

சுட்டி மேலே வரும்போது காட்ட இன்னொரு செட் வேண்டும். அடி நிறத்தைச் சற்றுக் கருக்கி ஏழு. மொத்தம் 14 படம்.

ஏற்றுவதிலும் இரண்டு இடறல். கோப்புக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருந்தேன். சிப் செய்து சர்வரில் விரித்தால் பெயரெல்லாம் கேள்விக்குறிகள். ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் பெயர் மாற்றி மறுபடி ஏற்றினேன். அடுத்து, எனக்குப் புதுப் பட்டன் தெரிகிறது, மாமாவுக்குப் பழையது. பிரவுசர் பழைய படத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு அதையே காட்டுகிறது. இதற்கு கேஷ் என்று பெயர், ஆனால் மாமாவுக்கு கேஷ் என்றால் கல்லாப்பெட்டி. விளக்குவதற்குப் பதில் கோப்புப் பெயரின் பின்னால் 2 சேர்த்துப் புதிதாக இணைத்தேன், உடனே தெரிந்தது. ஒவ்வொரு படத்துக்கும் ஆல்ட் என்ற இடத்தில் அதே தமிழ்ச் சொல்லைத் தட்டினேன். கண் தெரியாதவர்களின் திரை வாசிப்பான் படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பார்க்காது, இதைத்தான் வாசிக்கும்.

ஏற்றுவதற்கு முன் இந்தத் தடவை எல்லாப் பட்டனையும் இரண்டு தாளில் கலர் பிரிண்ட் எடுத்து அத்தை கையில் கொடுத்தேன். சிவப்புப் பேனாவோடுதான் உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

செலவு: ஸ்டூடியோ 150, பிரிண்ட் 20, ஸ்டூடியோவில் காத்திருந்தபோது டீயும் பன்னும் 40. ஆக 210 ரூபாய். மென்பொருளுக்கும் எழுத்துருவுக்கும் ஒரு காசும் இல்லை. நேரம் சுமார் 14 மணி. அதில் உருப்படியானது நான்கு மணிகூட இருக்காது.

மறுபடி செய்தால் முதலில் சொற்களைத் தாளில் எழுதி அத்தையிடம் காட்டுவேன். பிறகு 17 அளவில் ஏழையும் தட்டி அகலத்தை அளந்து கூட்டிப் பார்ப்பேன், பட்டனைத் தொடுவதற்கு முன்பே. ஒரே எக்ஸ்.சி.எஃப். கோப்பில் ஏழு லேயர் குழு, குழுவுக்கு ஒரு எழுத்து லேயர், அடியில் ஒரே கைடு. கண் சின்னத்தைத் திறந்து மூடி ஒவ்வொன்றாக ஏற்றுமதி. பழைய படத்தை அழிக்கவே மாட்டேன், வரைந்துவிடுவேன். இரட்டிப்பு அளவிலேயே தொடங்குவேன். ஹோஸ்டிங் புதுப்பிக்கும்போது டெம்ப்ளேட்டையே மாற்றி, பட்டனில் எழுத்தை எழுத்தாகவே போட முடியுமா என்று பார்க்க வேண்டும். மாமா அதற்கு இன்னும் தலையசைக்கவில்லை.

இன்று காலை மாமா போன் செய்தார். பட்டனெல்லாம் ஜோராக இருக்கிறதாம், கடைக்கு வந்தவர்களிடம் காட்டினாராம். “இன்னும் ஒண்ணே ஒண்ணு, மொத்த விற்பனைன்னு ஒரு பட்டன் சேர்த்துரு மாப்ள. அது எல்லாத்துக்கும் முன்னால வரணும்.”

தட்டி அளந்து பார்த்தேன். ஓரங்களோடு சேர்த்து 188 பிக்சல் வருகிறது. இருப்பது எட்டு, அதில் இடைவெளிக்கு ஐந்து போய்விடும்.